பத்து வருடமாகத் தேடிய கோளாறு

1

நான் ஜெர்மனிக்கு வந்து இந்தச் சித்திரையோடு பத்து வருடம் முடிகிறது. இத்தனை வருடத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போடக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். இந்தப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதும் குறிப்புகளில் பனி, ரொட்டி, ரயில் நேரம் என்று எல்லாவற்றையும் அளந்து தள்ளியிருக்கிறேன். நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவேன். 'ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி, என் திறமையைப் பார்த்துப் பயிற்சிக்கு அனுப்பியது.' அதில் ஓசூர் மட்டும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விமானம் ஓட்டுகிறேன். பயப்பட வேண்டாம், ஆள் ஏறுகிற விமானம் இல்லை. தரையில் நின்றுகொண்டு ரேடியோப் பெட்டியைக் கையில் வைத்து ஓட்டுகிற, வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற மாடல் விமானம். ஊரில் மீசை நரைத்த பிறகு பட்டம் விட்டால் சிரிப்பார்கள். இங்கே பேரன் பேத்தி எடுத்தவர்கள் சங்கம் வைத்து, தலைவர் செயலாளர் தேர்ந்தெடுத்து, காப்பீடு எடுத்து இதைச் செய்கிறார்கள். மதியம் பறக்கவிடக் கூடாது, பக்கத்துக் கிராமம் ஓய்வெடுக்கிறது. விமானம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளந்து அதற்கென்று ஒரு பாஸ் கொடுப்பார்கள். என் விமானத்துக்கு அந்தப் பாஸ் ஒரே வாரத்தில் கிடைத்தது. எனக்கு விசா நீட்டிக்க எத்தனை தடவை வரிசையில் நின்றேன் என்பதை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், மறுபடி அழ விரும்பவில்லை.

புது விமானம் முதல் தடவை பறக்கும் முன் ஹெல்முட் என்கிற பெரியவர் அதைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் என் புது விமானத்தைப் பார்த்தார். அதன் பின்னால் நின்றுகொண்டு 'வலது' என்றார், நான் ரேடியோப் பெட்டியின் குச்சியை வலது பக்கம் தள்ளினேன், வலது ரெக்கையின் தகடு மேலே எழுந்தது. ரெக்கைக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினார், மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தது, தலையாட்டினார். கடைசியாக விமானத்தைக் காதோரம் வைத்து, சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் ஆட்டிப் பார்ப்பதுபோல் ஆட்டிப் பார்த்தார்.

"உள்ளே எதுவும் உருளவில்லை. நல்லது" என்றார்.

நான் விமானத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். காற்று அதிகமாக இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, பறக்கவிடாமலேயே காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

வீட்டில் சாதிக்கின் கடிதம் இருந்தது. முந்தின நாளே வந்த கடிதம். அவன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பிரிக்கத் தோன்றாது, ஒரு நாள் ஊறப்போட்டுத்தான் பிரிப்பேன்.

சாதிக் ஓசூரில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். ராயக்கோட்டையில் அவன் அண்ணன்மார் தக்காளி மண்டி வைத்திருக்கிறார்கள். இவன் மட்டும் தக்காளிக்குத் தப்பி, சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு எங்கள் கம்பெனியின் எலெக்ட்ரிகல் பிரிவுக்கு வந்து சேர்ந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான். சூளகிரிப் பக்கம் கம்பெனி புதிதாக ஒரு யூனிட் போடுகிறது. அங்கே பெண் பிள்ளைகள் பற்றவைக்கிற எலெக்ட்ரானிக் போர்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற பிரிவுக்கு இவனைத் தலைவராகப் போடுவதாகச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். 'வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நான் பற்றவைத்த ஒரு ஜாயின்ட் எப்படிப் போச்சு என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அடுத்தவர் வேலைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மற்றபடி, அந்த சர்வோவுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் ஒரு செட் கிடைத்தால் அனுப்பவும். இந்தத் தடவை கண்டுபிடித்துவிடுவேன்.'

சர்வோ என்பது விமானத்தின் வால் தகட்டை மேலும் கீழும் ஆட்டுகிற, தீப்பெட்டி அளவு மோட்டார். பத்து வருடத்துக்கு முன் எங்கள் விமானம் விழுந்ததற்கு அந்த சர்வோதான் காரணம், அதில் தான் பற்றவைத்த ஒயர்தான் காரணம் என்று சாதிக் நம்புகிறான். அன்றிலிருந்து கோளாறைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அவன் கண்டுபிடிக்கப்போவதில்லை. அந்த சர்வோவில் கோளாறே கிடையாது. விமானத்தை விழவைத்தது ஒரு எலுமிச்சம்பழம். அதை உள்ளே வைத்தவன் நான். இது சாதிக்குக்குத் தெரியாது, மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

3

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் வேலை. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்கிறவர்கள் நாங்கள். நூல் பிசகாமல் மரத்தை இழைப்பேன். அதில் எனக்கு அப்போதும் அடக்கம் கிடையாது, இப்போதும் கிடையாது.

கம்பெனியின் ஜெர்மன் கூட்டாளிகள் அனுப்பிய கிளவுஸ் என்ற இன்ஜினியர் பெங்களூரில் குடியிருந்துகொண்டு தினமும் காரில் வருவார். அவர் ஊரிலிருந்து ஒரு மாடல் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வந்த மாதமே அதை ஒரு யூகலிப்டஸ் மரத்தில் மோதி, ரேடியோவையும் எரித்துவிட்டார். குப்பைக்குப் போக இருந்த இன்ஜினையும் எரிந்த ரேடியோவையும் சாதிக் கேட்டு வாங்கினான்.

"நான் ரேடியோவ சரி பண்றேன். நீ ஏரோப்ளேன் பண்ணு" என்று என்னிடம் சொன்னான்.

"ஏம்ல, எனக்கு ஏரோப்ளேன் செய்யத் தெரியுமா?"

"பம்ப்பு பாடி பண்றியே. அது மாதிரிதான், ரெக்க வெச்சு பண்ணு."

இதற்கென்று விற்கிற மெல்லிய மரமெல்லாம் எங்களுக்கு எங்கே கிடைக்கும்? புது மெஷின் வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலை, சாதிக் ஹீட்டர் கம்பியைச் சூடாக்கி ரெக்கை வடிவத்தில் அறுத்துக் கொடுத்தான். அதன் மேல் ஒட்ட, தீப்பெட்டி செய்வதற்குச் சீவுகிற மெல்லிய மரத்தாள்களை நான் கோவில்பட்டியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தேன். சர்வோவிலிருந்து வால் தகட்டுக்குப் போகிற கம்பிக்குச் சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ். இன்ஜினுக்கு ஸ்பிரிட்டில் கலக்க விளக்கெண்ணெய். அந்த இன்ஜின் ஓடினால் ஷெட் முழுக்க ஒரு பேதி வைத்தியசாலை வாசனை வரும்.

சாதிக்கின் வேலை என்னுடையதைவிடக் கஷ்டம். எரிந்த பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெங்களூரில் சந்து சந்தாக அலைந்து மாற்றுப் பாகம் வாங்கி, ஆறு மாதம் உட்கார்ந்து பற்றவைத்தான். வால் சர்வோவின் ஒயரை மட்டும் மூன்று தடவை பிரித்துப் பற்றவைத்தான். மூன்றாம் தடவை அந்த ஜாயின்ட் வெள்ளியில் செய்த மிளகு மாதிரி இருந்தது. நான் பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ரெக்கை முடிந்ததும் கிளவுஸ் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிறு வேட்டியில் சுற்றி பஸ்ஸில் பெங்களூர் கொண்டுபோய்க் காட்டினோம். திரும்பி வருகையில் மாநில எல்லையில், ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் ஒருவர் பஸ்ஸில் ஏறி மூட்டையைத் தட்டினார்.

"என்னாய்யா இது?"

"ரெக்கைங்க."

"என்ன ரெக்க?"

"ஏரோப்ளேன் ரெக்க" என்றான் சாதிக்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பாக்கி எல்லிதே?" என்று கன்னடத்தில் கேட்டார். மிச்ச விமானம் எங்கே என்பது அவர் கவலை, லக்கேஜ் டிக்கெட் போடாமல் எங்காவது ஒளித்துவைத்திருக்கிறோமோ என்று.

"பில்லு இருக்குதா?" என்றார் ஏறியவர்.

"நாங்களே பண்ணதுங்க."

"பறக்குமா?"

"பறக்கும்."

"அப்ப எங்க தலைக்கு மேலாலயே பறந்து போயிருக்கலாமில்ல. எதுக்கு பஸ்ல வந்து எங்க உசுர வாங்குறீங்க?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கிருஷ்ணகிரி போகிற பஸ் மொத்தமும் எங்களைப் பார்த்துச் சிரித்தது. சாதிக்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ரெக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "பறக்கும்டா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

4

பறந்தது. ஆறேழு தடவை, கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டல் வெளியில், ஷிஃப்ட் முடிந்ததும் பறக்கவிட்டோம். சாதிக் ஓட்டுவான், நான் விழுந்தால் பொறுக்கத் தயாராக நிற்பேன். செங்குத்தாக ஒரு வட்டம் சுற்றி லூப் போட்டான், உருட்டினான், தலைகீழாக ஓட்டினான். கிளவுஸ் வந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தவர் மூடவில்லை.

அந்த வருடம் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு ஆளை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்ப முடிவாகியிருந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கிறவர் கிளவுஸ். சாதிக்கா நானா என்று கேன்டீனில் பேச்சு ஓடியது. எரிந்த ரேடியோவை உயிர்ப்பித்த கை சாதிக்கின் கை, அவன்தான் போவான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பொறாமை இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் நான் செய்த காரியத்தைப் பொறாமையில் செய்யவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் நானே சில நாள் நம்புவதில்லை.

ஆயுத பூஜைக்கு மேனேஜிங் டைரக்டர் வருகிறார், அவர் முன்னால் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டுங்கள் என்று கிளவுஸ் ஏற்பாடு செய்தார். அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே கம்பெனி அமளி. லேத்துக்கெல்லாம் வாழைக்கன்று, டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனம், கிரேனுக்கு மாலை. கிளவுஸின் நெற்றியில் யாரோ குங்குமம் அப்பி, அது வியர்வையில் மூக்கு வரை வழிந்திருந்தது. விமானத்தையும் மேசை மேல் வைத்து, ரெக்கைக்கு இரண்டு பொட்டு வைத்தார்கள்.

சாதிக்குக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. பொட்டு வைத்த பிறகு ரெக்கைக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். சந்தனத்தையும் சேர்த்துத்தான் பேலன்ஸ் பார்த்தான், அவ்வளவு கணக்கு. பிறகு ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

"பூஜ பண்ணிக்கோ, பொட்டு வெச்சிக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. வெயிட்டு மட்டும் ஏத்தாத" என்றான்.

"ஏத்தல, போ" என்றேன்.

அவன் போனதும் வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தார்கள். ஃபோர்க்லிஃப்ட், ஜீப், கம்பெனி பஸ் எல்லாவற்றுக்கும் சக்கரத்துக்கு அடியில் பழம், ஏறி நசுக்கிக்கொண்டு போனால் திருஷ்டி கழிந்தது. ஒரு பழத்தைக் கொண்டுவந்து எங்கள் விமானத்துக்கும் வைத்தார்கள். விமானத்தின் சக்கரம் பழத்தைவிடச் சின்னது. தள்ளிப் பார்த்தோம், விமானம் ஏறவில்லை, மூக்கு குத்திக்கொண்டு நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து எத்தனை கண். டைப்பிஸ்ட் பெண்கள், செக்யூரிட்டி, கேன்டீன் கான்ட்ராக்டர், எல்லோரும் வந்து வந்து பார்த்து, "இது நெஜமாவே பறக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஃபவுண்டரியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நாங்கள் ஒரு புது அச்சுகூட ஊற்றியதில்லை. வெளியே கட்டினால் கிளவுஸ் சிரிப்பார், காற்றில் ஆடவும் செய்யும். வால் கம்பியை மாட்டுவதற்காக அடியில் நான் ஒரு ஓட்டை விட்டிருந்தேன். அதை மூடியிருந்த அட்டையைத் திறந்து பழத்தை உள்ளே போட்டு மூடிவிட்டேன். சின்னப் பழம்தான். வெயிட் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாதுகாப்பு என்றுதான் தோன்றியது.

5

சாதிக் திரும்பி வந்தபோது மேனேஜிங் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி தூக்கிப் பார்க்க நேரமில்லை. ரேடியோவை ஆன் செய்து தகடுகளை ஆட்டிப் பார்த்தான். எல்லாம் ஆடின. இன்ஜினைக் கிளப்பினோம்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழுந்தது. சாதிக் புருவத்தைச் சுருக்கினான். ஒரு சுற்று வந்து, லூப் போட மேலே இழுத்தான். முதல் லூப் வட்டமாக, அழகாக வந்தது. கூட்டம் கைதட்டியது. உடனே இரண்டாவது லூப். மறுபடி கைதட்டல். மூன்றாவது, இன்னும் கொஞ்சம் கீழே. மூக்கைக் கீழே இறக்க, சாதிக்கின் கட்டைவிரல் குச்சியை முழுக்க முன்னால் தள்ளிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். விமானம் அதைக் கேட்கவில்லை. உருண்ட பழம் வால் கம்பிக்கும் உள்ளே குறுக்காக நான் வைத்திருந்த கட்டைக்கும் நடுவில் போய் ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டது, தகடு மேல் நோக்கியே நின்றுவிட்டது. இது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான்காவது லூப்புக்கும் கைதட்டினார்கள். சாதிக் இன்ஜினை நிறுத்தினான். ஐந்தாவது லூப்புக்குக் கீழே இடம் இல்லை.

கேட் பக்கம் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காய்க் குவியலில் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. நான் சாதிக்குக்கு முன்னால் ஓடினேன். வால் பகுதி சுக்குநூறாகியிருந்தது, பழம் பக்கத்தில் கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள், அந்த இடத்தைச் சுற்றி அன்று எத்தனை எலுமிச்சம்பழம் கிடந்தது. அதில் ஒன்றாக அதுவும் கிடந்திருக்கும், ஒருத்தனும் சந்தேகப்பட்டிருக்க மாட்டான். திருடனுக்கு அந்த நிதானம் ஏது?

சாதிக் வந்து மண்டியிட்டு சர்வோவை எடுத்தான். "வாலு மட்டும் கேக்கல. மத்த எல்லாம் கேட்டுச்சு. என் ஜாயின்ட்டுதான்" என்றான். நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

கிளவுஸ் உடைந்த ரெக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மர வேலை பிரமாதம், ரேடியோதான் சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த வாரம் என் பெயர் நோட்டீஸ் போர்டில் வந்தது. சாதிக் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பழம் என்ன ஆயிற்று என்றால், அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டினேன். மறுநாள் காலை என் மனைவி செல்வி துவைக்க எடுத்தபோது பையில் பழம் இருப்பதைப் பார்த்து, பூஜைப் பழம் என்று ரசத்தில் பிழிந்துவிட்டாள். நான் இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

6

இங்கே வந்த பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வருடம், வேலை நிரந்தரமாகட்டும் என்று இருந்தேன். அப்புறம் செல்வி வந்து சேரட்டும் என்று. அப்புறம் மகள் மீரா பிறக்கட்டும் என்று. சொல்லாமல் இருக்கக் காரணம் கிடைப்பதுபோல் இந்த உலகத்தில் வேறு எதுவும் கிடைப்பதில்லை.

இதற்கிடையில் சாதிக் எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை சர்வோவையும் ரேடியோவையும் அண்ணனின் தக்காளி வேனில் கட்டி, ராயக்கோட்டை ரோடு முழுக்க ஓட்டச் சொல்லி, எங்கேயாவது நிற்கிறதா என்று பார்த்திருக்கிறான். நிற்கவில்லை. ஒரு தடவை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறான். கெட்டுப்போன சாமானில் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம், நல்ல சாமானில் எங்கே போய்க் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது பாகம் கேட்பான். நான் வாங்கி அனுப்பிவிடுவேன். பார்சலைப் போஸ்ட் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கும்போது, நல்லவன்தான் நாம் என்று ஒரு திருப்தி வரும்.

இந்தத் தடவை கடிதம் மேசையில் இருந்தபோது மீரா வந்து பார்த்தாள். எட்டு வயது. அவளுக்குத் தமிழ் பேசினால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. என்னை 'பாப்பா' என்று கூப்பிடுகிறாள், இங்கே அப்பாவுக்கு அதுதான் வார்த்தை. முதல் தடவை கேட்டபோது செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள் மகள். ஏதோ ஒரு வேகத்தில் ஜெர்மனில் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். தமிழில் சொல்ல வராதது அந்த மொழியில் மெஷின் மேனுவல் படிக்கிற மாதிரி வந்துவிட்டது.

எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டாள். கண்ணேறு என்பதை எப்படிச் சொல்வது? அதிர்ஷ்டத்துக்கு என்று சொல்லிவைத்தேன்.

"வேலை செய்ததா?" என்றாள்.

"செய்தது. எனக்கு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள். சமையலறை வாசலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக் கடையில் வேலை செய்து செய்து என்னைவிட நன்றாக ஜெர்மன் பேசுகிறவள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"ஏங்க, அந்தப் பழமா? நான் ரசத்துக்குப் பிழிஞ்சேனே, அதா?"

"அதுதான்."

"அந்த அண்ணன் அடுத்த வாரம் ஸ்வீட் வாங்கிட்டு வந்தாரு. அன்னிக்கும் ரசந்தான் வெச்சிருந்தேன், அவருக்கும் ஊத்துனேன்" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

7

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தபோது போன் செய்தேன். சாதிக் வீட்டில் போன் கிடையாது. பக்கத்தில் முனிரத்தினம் என்பவரின் எஸ்.டி.டி. பூத் நம்பர்தான் அவனைக் கூப்பிட்டுத் தருகிற பி.பி. நம்பர். அவர் தெலுங்குக்காரர், ஜெர்மனி என்றதும் குரலை உயர்த்திவிடுவார், இங்கே வரைக்கும் கேட்க வேண்டுமே என்று.

"சாதிக் பாய்தானே? லைன்லயே இருங்க சார், கூப்டுறேன்."

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த முன்னுரை எல்லாம் அவன் 'அலோ' என்றதும் மறந்துபோயிற்று. "சாதிக், உன் ரேடியோவுல கோளாறு இல்ல. நான் உள்ள ஒரு எலுமிச்சம்பழத்தப் போட்டேன். அது வால் கம்பியில மாட்டிக்கிச்சு" என்றேன்.

பூத்துக்கு வெளியே லாரி ஹாரன் கேட்டது.

"எவ்ளோ பெருசு?" என்றான்.

"சின்னதுதான்."

"எந்தப் பக்கம் மாட்டுச்சு?"

"கட்டைக்கும் கம்பிக்கும் நடுவுல. பின்னால."

"அப்ப தகடு மேலாலதான் நிக்கும்" என்றான். அவனுக்குள் விமானம் மறுபடி ஐந்து லூப் போட்டு முடிக்கிற வரை காத்திருந்தேன். "அப்ப என் ஜாயின்ட்டு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"ஜெர்மனி போறது போச்சு. விடு, எனக்கு அந்தக் குளுரு ஆவாது. ஆனா சங்கரா, பத்து வருசமா வீட்ல ஒரு ஸ்விட்சு மாத்துனாக்கூட மூணு தடவ தொறந்து பாக்குறேன்டா. எம் பொண்டாட்டி எனக்குத் தெரியாம வெளிய எலெக்ட்ரீசியன கூப்புடுறா. எங் கையி மேல எனக்கு நம்பிக்கையே போச்சு." குரல் உயரவே இல்லை. "நான் எழுதுன லெட்டர் எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு, சாமான் வாங்கி அனுப்புன."

நான் அழுதேன். அதை அவனுக்குக் கேட்காமல் அழ எனக்குத் தெரியவில்லை.

"அந்த வேலைய வேணாம்னு சொல்லாதல, உன் கால்ல விழுதேன்" என்றேன்.

"அத நான் பாத்துக்கறேன். நீ புக்குல எழுதுறியே, பனி பெய்யுது, ரொட்டி தின்னேன்னு. கம்பெனியில எல்லாம் படிக்கிறாங்க. அதுல இத எழுது. உம் பேரப் போட்டு எழுது" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டான்.

8

எழுதிவிட்டேன். என் பெயர் சங்கரன், பேட்டர்ன் ஷாப். ஓசூரில் அன்று கைதட்டிய யாராவது இதைப் படித்தால், சாதிக்கின் ரேடியோ கடைசி வரை சரியாகத்தான் வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் போனுக்குப் பிறகு மூன்று ஞாயிறு கூப்பிட்டேன். சூளகிரி வேலையில் சேர்ந்துவிட்டான் என்று முனிரத்தினம் சொன்னார். முதல் இரண்டு தடவையும் ஆள் இல்லை என்று பதில் வந்தது. போன ஞாயிறு மட்டும் அவர் குரலை உயர்த்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"இங்கதான் சார் இருக்காரு. பில்லு அடிக்கிற மெஷினு ரிப்பேரு, அத பண்றாரு. கை வேலையா இருக்குதுன்னு சொல்லச் சொன்னாரு."

"சரி, கூப்புட வேண்டாம். ரிசீவர கொஞ்ச நேரம் மேசை மேல வைங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை, வைத்துவிட்டார். ஸ்க்ரூ ஒன்று தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சாதிக் யாரோடும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின் கிரீச்சென்று காகிதத்தைத் துப்பியது. மூடியை மூடி ஸ்க்ரூவைத் திருகுகிற சத்தம், பிறகு ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்.

முனிரத்தினம் ரிசீவரை எடுத்தார். "போய்ட்டாரு சார். வைக்கட்டுமா?"

"எத்தன தடவ தொறந்து பாத்தாரு?" என்று கேட்டேன்.

"ஒரு தடவதான் சார். மூடிட்டுப் போய்ட்டாரு."